குறைந்திருக்கிறதா என்று நீ கேட்ட சனிக்கிழமைகள்

சுகி,

உன் ரயில் இந்நேரம் ஜோலார்பேட்டையைத் தாண்டியிருக்கும். சென்ட்ரலில் உன்னை ஏற்றிவிட்டபோது சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் உன் கலாக்கா. "தண்ணி பாட்டில் எடுத்து வெச்சியாம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சிரித்துவிட்டு, "வெச்சுட்டேன்ப்பா, நீங்க பார்த்து வீட்டுக்குப் போங்க" என்றாய். வண்டி நகர்ந்துவிட்டது. அம்மாவும் கலாவும் பாரிமுனையில் ஏதோ வாங்க வேண்டும் என்று போனார்கள். நான் மின்சார ரயிலில் தனியாகத் திரும்பினேன். இப்போது வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. அம்மா விடியற்காலையில் அவசரமாகக் கிண்டிய உப்புமா மேசையில் ஆறிக் கிடக்கிறது. சாப்பிடத் தோன்றவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பெங்களூரில் நீ சேரப்போகும் வேலை என்னவென்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுத்து, ரத்தக் கசிவு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் அளக்கிற ஆராய்ச்சி என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். உத்தரவு வந்த அன்று அம்மா கேசரி கிளறினாள். நான் "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். சந்தோஷம் இருந்தது. அதைவிட அதிகமாக உறுத்தல் இருந்தது. படத்தை வைத்து மனித உடம்பை அளக்கிற வேலையில் உன் அப்பா எப்படித் தவறினான் என்பது உனக்குப் பெரும்பாலும் தெரியும். ஆனால் அது உன் பக்கத்திலிருந்து தெரிந்த கதை. என் பக்கத்திலிருந்து நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஏதாவது இருக்கிறதென்றால் அது இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பகுதி நேரமாகப் பதிவு செய்திருந்த முனைவர் பட்டம் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. கூடப் படித்தவர்கள் எல்லாம் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டுவிட்டார்கள். சர்ச்சில் யாராவது "என்ன சார், முடிச்சாச்சா?" என்று கேட்டால், கேட்காதவன்போல வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்த நேரத்தில்தான் எங்கள் துறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வீடியோ கேமராவில் தெரிவதை அதற்குள் அனுப்புகிற ஒரு கார்டும் வந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவோம். கேமராவில் பிடிக்கும் படத்தை அந்தக் கார்டு ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு ஓர் எண் கொடுக்கும். இந்த எண்ணுக்கு மேலே உள்ள கட்டங்களை மட்டும் எண்ணு என்று நாம் ஒரு கோடு கிழித்தால், நொடியில் எண்ணி முடித்துவிடும். படத்தில் ஒரு துண்டு அடிஸ்கேலையும் சேர்த்து வைத்துவிட்டால், அது எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதும் தெரிந்துவிடும். கையால் செய்தால் ஒரு பகல் போகிற வேலை. எனக்கு அன்றைக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அளக்க ஒரு பொருள் வேண்டியிருந்தது. பட்டணத்தில் தோல் மருத்துவராக இருந்த என் நண்பர் அதைக் கொடுத்தார். தோலில் வரும் வெண்புள்ளிகளுக்குக் கார்போகரிசி என்ற மூலிகை விதையின் எண்ணெயில் செய்த ஒரு களிம்பை அவர் சிலருக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். களிம்பைப் பூசிக் காலை இளவெயிலில் சிறிது நேரம் நின்றுவிட்டுக் கழுவ வேண்டும். புள்ளி சுருங்குகிறதா என்று பார்க்க அவர் தோல்மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து ஓரத்தை வரைந்து, அதைக் கிராஃப் தாளில் வைத்துக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார். "நீ கம்ப்யூட்டர்ல அளந்து குடுய்யா, பேப்பர்ல சேர்ந்து பேர் போடுவோம்" என்றார். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் போட்டால் வெண்புள்ளி மட்டும் நீல வெளிச்சமாகத் தனியே தெரியும். கோடு கிழிப்பது சுலபம். எங்கள் இருட்டறைக்கே நோயாளிகளை வரச் சொன்னோம். ஆனால் பஸ் பிடித்து வருகிறவர்கள் ஒரு வாரம் வருவார்கள், இரண்டு வாரம் வர மாட்டார்கள். என் வரைபடத்தில் எல்லாம் ஓட்டைகள்.

அப்போது நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். ஒரு காலையில் அம்மா உனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். வலது காதுக்குக் கீழே, தாடையோரத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளை. அம்மா உன் முடியை ஒதுக்கிக் காட்டினாள். அந்த நோய்க்கு நம் தெருவில் என்ன பெயர் சொல்வார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கும் பயமாக இருந்தது. ஆனால் சுகி, அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஒரு வாரமும் தவறாமல் வரக்கூடிய ஒருத்தி வீட்டிலேயே கிடைத்துவிட்டாள் என்று மனத்தின் ஒரு மூலை கணக்குப் போட்டது. உன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி அதை நினைத்தேன். அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

சனிக்கிழமை தோறும் உன்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போவேன். கேம்ப் ரோடு டீக்கடையில் உனக்கு ஒரு பட்டர் பிஸ்கட் வாங்கித் தருவேன். இருட்டறையில் கலாவும், பல்லாவரத்து டீச்சரம்மாவும், பஸ் கண்டக்டர் ஒருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கலாவுக்கு அப்போது இருபது வயது இருக்கும். மேடவாக்கத்தில் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண். உதட்டிலும் விரல் நுனிகளிலும் வெள்ளை. டீச்சரம்மா வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கை போட்டிருப்பார். நீ அவர்களோடு சீக்கிரமே ஒட்டிக்கொண்டாய். உன் முறை வரும்போது தாங்கியில் தாடையை வைப்பாய். ஆடாமல் இருப்பதற்காக உன் பின்னந்தலையை நான் கையால் பிடித்துக்கொள்வேன்.

"கண்ணை மூடிக்கோ. அசையாத."

"மூடிட்டேன்ப்பா."

திரையில் எண் வந்ததும் நீ கேட்கிற கேள்வி ஒன்றுதான். "குறைஞ்சிருக்காப்பா?"

"குறைஞ்சிருக்கு."

"நிஜமாவா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

எண்கள் உண்மையிலேயே இறங்கிக்கொண்டிருந்தன. உனக்கு, கலாவுக்கு, டீச்சரம்மாவுக்கு, எல்லோருக்கும். நண்பர் உற்சாகமாகிக் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டார். இரட்டைப் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுத் தாடையை மறைத்துக்கொண்டிருந்த நீ, ஒருநாள் முடியை உயரத் தூக்கிக் குதிரைவால் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசைக்கு ஒதுங்கியிருந்தவள், ஈஸ்டருக்கு முன்வரிசையில் நிற்கப்போவதாக அம்மாவிடம் சொன்னாய். நீ சொன்னதைக் கேட்டு அம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

ஈஸ்டருக்குச் சில வாரம் முன்பு, ஆய்வேட்டில் சேர்ப்பதற்காக உன் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் திரையில் அடுத்தடுத்துப் போட்டேன். உன் தலையைப் பிடித்திருந்த என் கையும் படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தது. வெள்ளைச் சட்டையின் கைப்பட்டி. சோப்புத்தூளில் துவைத்த வெள்ளைத் துணி அந்த விளக்கில் பளீரென்று ஒளிரும் என்பது உனக்குத் தெரியும். முதல் படத்தில் அது கண்ணைக் கூசச் செய்தது. கடைசிப் படத்தில் சாம்பல் பூத்துக் கிடந்தது. சட்டை பழசாகியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு நடுவில் எடுத்த படங்களையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எந்தச் சட்டையானாலும் கைப்பட்டி மாதா மாதம் மங்கிக்கொண்டே வந்தது. துணி மங்கவில்லை. விளக்கு மங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் குறையக் குறைய, நான் கிழித்த கோட்டுக்கு மேலே வருகிற கட்டங்களும் குறைந்தன. கம்ப்யூட்டர் அதைத்தான் உண்மையாக எண்ணிக் கொடுத்திருக்கிறது. புது விளக்கு வாங்கி மாட்டி அடுத்த சனிக்கிழமை அளந்தபோது, உன் புள்ளி முதல் நாள் இருந்ததைவிட ஒரு மயிரிழை பெரிதாகவே இருந்தது.

அன்றைக்கே நண்பரிடம் போய்ச் சொன்னேன். "என்னய்யா இது, பேப்பர் அனுப்பியாச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அரைமணி நேரம் என்னைத் திட்டினார். பிறகு அவரே, "அச்சாகறதுக்கு முன்னாடி பார்த்தியே, அதுவரைக்கும் நல்லது" என்று கட்டுரையைத் திரும்பப் பெற எழுதினார். நோயாளிகள் அடுத்த முறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். என் ஆய்வு வழிகாட்டி என் நேர்மையைப் பத்துப் பேருக்கு முன்னால் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை கலையாமல்தான் நானும் வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் புது விளக்கில் அளந்த அந்தச் சனிக்கிழமை நீயும் கேட்டிருந்தாய். "குறைஞ்சிருக்காப்பா?" உன் குதிரைவால் என் கைக்குள் இருந்தது. "கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்றேன். ஈஸ்டர் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஈஸ்டர் முடிந்தது. நீ முன்வரிசையில் நின்று பாடினாய். பரீட்சை முடியட்டும் என்றேன். பத்திரிகைக்கு உண்மையை எழுத எனக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. பெற்ற பெண்ணிடம் சொல்ல வாரக்கணக்கில் நாள் தள்ளினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வாயில் வந்த எண்ணைச் சொன்னேன்.

பரீட்சை முடிந்த விடுமுறையில் ஒருநாள் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து, "இன்னும் கொஞ்ச நேரம் வெயில்ல நின்னா சீக்கிரம் போயிடுமாப்பா?" என்று கேட்டாய். நான் தலை தூக்காமல் "ம்" என்றேன். நீ கேட்டது காதில் விழுந்தது, சுகி. விழவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். விழுந்தது. எதையாவது சரியாகச் சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும் என்பதால் "ம்" என்றேன்.

மே மாத வெயில். அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து உன்னைத் தேடியிருக்கிறாள். நீ களிம்பைப் பூசிக்கொண்டு உச்சிவெயிலில் மொட்டை மாடியில் நின்றிருக்கிறாய். மாலைக்குள் கன்னம் சிவந்து கனன்றது. மறுநாள் காதிலிருந்து கழுத்துவரை கொப்புளம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபோது நீ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இந்த நோய் உள்ளவர்களுக்குத் தோல் புண்ணாகிற இடத்திலெல்லாம் புதிதாக வெளுக்கும் என்று சொன்னார். அப்படியேதான் ஆயிற்று. புளியங்கொட்டை அளவு இருந்தது உள்ளங்கை அளவாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் உன் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய்.

"அப்போ குறையவே இல்லையா?"

"இல்லம்மா."

"உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"ஈஸ்டருக்கு முன்னாடியே."

நீ அழுவாய் என்று காத்திருந்தேன். நீ திரும்பி என்னைப் பார்த்து, "மத்தவங்களுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டாய். எனக்குப் புரியவில்லை. "கலாக்கா, டீச்சரம்மா, கண்டக்டர் மாமா. அவங்ககிட்டயும் குறையுதுன்னுதானே சொன்ன? அவங்களும் மாடியில நிப்பாங்கல்ல?" என்றாய். கன்னத்தில் கட்டோடு, உன் வலிக்கு நடுவில், அது உனக்குத் தோன்றியது. பத்துப் பேர் முன்னால் நேர்மையானவன் என்று பாராட்டு வாங்கிய எனக்குத் தோன்றவில்லை. விளக்கு மாற்றிய பிறகு அவர்கள் யாருமே இருட்டறைப் பக்கம் வரவில்லை என்பதுகூட எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

கொஞ்சம் தேறியதும் நீயும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாய். தாம்பரத்தில் பஸ் ஏறி மேடவாக்கம் போனோம். அப்போது அங்கே ஏரியும் வயலும்தான். கலா வீட்டு வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"இன்னா சார் சொல்றீங்க? மாசாமாசம் கொறையுதுன்னு நீங்கதான சொல்லிக்கினு இருந்தீங்க? அந்தப் பொட்டில வேற காட்னீங்களே!"

"விளக்கு மங்கிப் போச்சும்மா. அது எனக்கு..."

"வெளக்கு மங்கிப்போச்சா? வெயில்ல நின்னு நின்னு கை எரியுது சார். ஆவணில பொண்ணு பாக்க வராங்க. கொறைஞ்சிக்கினே வருதுன்னு எங்கப்பாரு பேசி வெச்சிக்கீறாரு. இப்போ நான் இன்னா சொல்றது அவுங்களாண்ட? பேஜாரா கீது சார்."

அப்போதுதான் அவள் எனக்குப் பின்னால் நின்ற உன்னைப் பார்த்தாள். ஓடிவந்து உன் தாடையைப் பிடித்தாள். "ஐயோ, இன்னா கண்ணு இது? யாரு பண்ணது?"

"யாரும் பண்ணலைக்கா. நானேதான். சீக்கிரம் போகட்டும்னு நின்னேன்."

கலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வூட்டுக்குள்ள வா கண்ணு" என்று உன்னை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் வெளியே அவள் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து முதலில் விசும்பல் கேட்டது, யாருடையது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. எதற்குச் சிரித்தீர்கள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. திரும்பும்போது பஸ்ஸில், "மத்த ரெண்டு பேருக்கும் நானே போய்ச் சொல்லிடறேன், நீ அலைய வேண்டாம்" என்றேன். "சொல்லிடுப்பா. மறந்துடாத" என்றாய். அடுத்த வாரம், "சொல்லிட்டேன்" என்றேன். நீ தலையை ஆட்டினாய்.

அந்த ஜூன் மாதத்தில் எப்போதோ நீ என்னை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்தாய். அதுவரை "நீ" தான். கொப்புளத்தோடு படுத்திருந்தபோதும் "நீ" தான், மேடவாக்கம் பஸ்ஸிலும் "நீ" தான். பெரிய பெண்ணாகிவிட்டாள், மரியாதை தெரிகிறது என்று அம்மா மகிழ்ந்தாள். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை.

கலாவின் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளே நேராகச் சொல்லிவிட்டாள். அவள் அப்பா என்னைச் சபித்திருப்பார். அந்தச் சாபத்துக்கு நான் தகுதியானவன்தான். பிறகு அவள் மேடவாக்கம் சாலையில் எஸ்.டி.டி. பூத் வைத்தாள். போன் பேச வந்த ஒருவரையே கட்டிக்கொண்டு, இன்று இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். அதில் என் பங்கு எதுவுமில்லை. அதேபோல நீ நிமிர்ந்து நடந்ததிலும் என் பங்கு எதுவுமில்லை. பள்ளிக்கூடத்தில் உன் பெஞ்சில் உட்கார்ந்த பெண்ணின் அம்மா வந்து இடம் மாற்றச் சொன்னதை நீ என்னிடம் சொல்லவில்லை, கலாவிடம் சொன்னாய். அடுத்த ஈஸ்டருக்கு உள்ளங்கை அளவு வெள்ளையோடு, முடியைத் தூக்கிக் கட்டி, யாரும் சொல்லாமல் நீயே முன்வரிசையில் போய் நின்றாய். சர்ச்சுக்கு அதுவரை வந்தே இராத கலா, கடைசி வரிசையில் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலை குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பட்டம் வாங்கினேன். வேர்க்கடலை இலையில் வருகிற புள்ளிகளை அளந்து வாங்கினேன். "குறைஞ்சிருக்கா?" என்று இலை கேட்காது.

நீ இயற்பியல் எடுத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. எம்.எஸ்ஸி. கடைசி வருடத்தில் என் ஆய்வகத்துக்கு வந்து, "அந்தப் ப்ரோக்ராமை எனக்குக் காட்டுங்கப்பா" என்றாய். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாய். வளைந்த கன்னத்தை நேராகப் படம் எடுத்தால் பரப்பு குறைவாகத்தான் வரும், அதையாவது யோசித்தீர்களா என்று கேட்டாய். யோசிக்கவில்லை. பிறகு நீ ஒன்று செய்தாய். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஒரே மாதிரி வெள்ளை அட்டைத் துண்டு ஒன்று இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் முதலில் அந்த அட்டையைத் தேடும். அது இல்லாவிட்டாலோ, மங்கியிருந்தாலோ எண் கொடுக்க மறுத்துவிடும். அட்டை இல்லாத என் பழைய படங்களைப் போட்டு, எண்ணைக் கேட்டு எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் திரை காலியாகவே இருந்தது. நான் செய்ததெல்லாம் புது விளக்கு மாட்டியதுதான். அடுத்த விளக்கும் மங்கும் என்று நினைத்துப் பார்த்தவள் நீ.

ஆகவே அளவை எப்படிச் சரிபார்ப்பது என்று நான் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் சொல்ல நினைப்பது வேறு. பெங்களூரில் உன் முன்னால் தாடையைத் தாங்கியில் வைத்து உட்காருகிறவர் படம் முடிந்ததும் உன் முகத்தைத்தான் பார்ப்பார். எப்படியிருக்கிறது என்று கேட்பார். அவருக்கு நல்ல சேதி சொல்ல உன் நாக்கு துடிக்கும். உன்னைப் போல இரக்கமுள்ளவளுக்கு அது இன்னும் கஷ்டம். தெரியாததைத் தெரியாது என்று சொல். தப்பாகச் சொல்லிவிட்டாய் என்று தெரிந்தால், அவர் திரும்பி வரட்டும் என்று காத்திருக்காதே. பஸ் ஏறிப் போ. நான் இதைச் சொல்வதற்கு யோக்கியதை உள்ளவன் இல்லை. எவ்வளவு இல்லை என்பது இன்று காலைதான் எனக்கே முழுதாகத் தெரிந்தது.

சென்ட்ரலிலிருந்து திரும்பும்போது நான் பல்லாவரத்தில் இறங்கினேன். எல்லோருக்கும் சொல்லிவிட்டேன் என்று அன்று உன்னிடம் சொன்னது பொய், சுகி. கண்டக்டரை டிப்போவில் தேடிப் பிடித்துச் சொன்னேன். டீச்சரம்மாவிடம் சொல்லவில்லை. அன்று அவர் வீட்டுவரை போனேன். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். வராந்தாவில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். முழுக்கையை விட்டுவிட்டு அரைக்கை ரவிக்கை போட்டிருந்தார். புள்ளி குறைகிறது என்று நம்பித்தான் அப்படிப் போட்டிருக்கிறார். திரும்பிவிட்டேன். உன்னிடம் "சொல்லிட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு அந்த ஸ்டேஷனை ரயில் கடக்கும்போதெல்லாம் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். நீ அந்த வேலைக்கே போகிற நாளில் அப்படிப் பார்த்துக்கொள்ள முடியவில்லை.

டீச்சரம்மா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கதவைத் திறந்ததும் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்து, "சுகந்தியோட அப்பா இல்ல? வாங்க சார், உள்ள வாங்க" என்றார். முகத்திலும் இரண்டு கையிலும் வெள்ளை நன்றாகப் பரவியிருந்தது. அரைக்கை ரவிக்கைதான் போட்டிருந்தார். நான் உட்காரவில்லை. விளக்கு மங்கியது, எண்கள் தப்பானது, கேட்டுவரை வந்து திரும்பியது எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன்.

"விளக்கு விஷயம் எனக்கு அப்பவே தெரியுமே சார்."

"எப்படிம்மா?"

"உங்க பொண்ணு வந்து சொன்னாளே. அந்த மேடவாக்கத்துப் பொண்ணு கூட்டிக்கிட்டு வந்துது. கன்னத்துல காயம்கூட ஆறலை. நீங்க வந்துட்டுப் போனீங்களான்னு முதல்ல கேட்டா. இல்லையேன்னேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னா. அப்புறம்தான் எல்லாத்தையும் சொன்னா. 'அப்பா தானே வரணும்னுதான் இருந்தார் டீச்சர். காய்ச்சல்ல படுத்துட்டார். அதான் நான் வந்தேன்'னா. அன்னிக்கே அந்தக் களிம்பைத் தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். குடித்தேன்.

நீ பொய் சொல்லிக் கேட்டதே இல்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். எனக்காக ஒன்று சொல்லியிருக்கிறாய். பதிமூன்று வயதில், நான் எரித்த கன்னத்தோடு, நான் பயந்து திரும்பிய வாசலில் நின்று, என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாய். அதற்கப்புறம் இத்தனை வருடம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டாய், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் ப்ரோக்ராமைப் படித்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொல்வேன் என்று எத்தனை நாள் காத்திருந்தாய், எப்போது காத்திருப்பதை விட்டாய் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடத்தான் போகிறேன். ஆனால் எழுதிவிட்டு ஒளிந்துகொள்வது எனக்குப் பழகிப்போன காரியம். அதனால் இது உன் கைக்கு வருவதற்கு முன்பே இதை நீ என் வாயால் கேட்க வேண்டும். நாளை காலை போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறாய். மணி அடித்ததும் அம்மா எடுக்கட்டும் என்று இருக்க மாட்டேன். நானே எடுக்கிறேன். நீ பதில் ஒன்றும் சொல்ல வேண்டாம். வைத்துவிடாமல் மட்டும் இரு.

அப்பா